போகும் மீனும் தங்கும் மீனும்

இளம் அறிவியல் (விலங்கியல்) இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்

"ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோலவா இருக்கிறார்கள்?" என்று எங்கள் ஊர்ப்பக்கம் கேட்பதுண்டு. இதே கேள்வியை மீன்களைப் பார்த்தும் கேட்கலாம். ஒரே தாய்மீனின் முட்டைகள், ஒரே நாளில் கருவுற்றவை, ஒரே தொட்டியில் ஒரே உணவைத் தின்று வளர்கின்றன. முதல் இலையுதிர்காலம் முடியும்போது அவற்றை அளந்து பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு கூட்டம் பெரியது, மற்றொன்று சிறியது. இடைப்பட்ட அளவில் மீன்கள் மிகக் குறைவு. பெரியவை அடுத்த வசந்தத்தில் கடலுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. சிறியவை இன்னும் ஓராண்டு நன்னீரிலேயே தங்கிவிடுகின்றன. அட்லாண்டிக் சால்மன் மீனில் காணப்படும் இந்த வியப்பான நிகழ்ச்சியைப் பற்றியதே இக்கட்டுரை.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு மேடுகள் கொண்ட ஒரு வரைபடத்தை வரைந்து, "இந்தச் சின்ன மேட்டில் இருப்பவை ஓராண்டு பின்தங்கும்" என்று சொன்னபோது, பின்வரிசையில் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஓராண்டு செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவன் நான். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் இன்று மூன்றாமாண்டில் இருக்கிறார்கள். நண்பர்கள் விளையாட்டாகத்தான் சிரித்தார்கள், எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்தச் சின்ன மீன் ஏன் தங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அன்று மாலையே நூலகத்திற்குப் போனேன். அங்கே தொடங்கிய தேடல்தான் இது.

சால்மனின் வாழ்க்கை

அட்லாண்டிக் சால்மனின் அறிவியல் பெயர் சால்மோ சலார் என்பதாகும். வட அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் பாயும் குளிர்ந்த ஆறுகளே இதன் பிறப்பிடம். ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டிலிருந்து நார்வே, ரஷ்யா வரையிலும், மறுகரையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மெய்ன் மாநிலத்திலிருந்து கனடாவின் வடகிழக்கு வரையிலும் இது காணப்படுகிறது. நம் நாட்டு ஆறுகளுக்கு உரிய மீன் அன்று. ஆயினும் இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீன்கள் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நீலகிரியின் குளிரோடைகளில் கொண்டுவந்து விடப்பட்டன என்பதை விலங்கியல் மாணவர்கள் அறிவர்.

நமக்குத் தெரிந்த விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிறது. உல்லம் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிறது. சால்மன் உல்லத்தின் வழியைச் சேர்ந்தது. இலையுதிர்காலத்தின் கடைசியிலும் குளிர்காலத்தின் தொடக்கத்திலும் பெண்மீன் தன் வாலை அடித்துச் சரளைக்கற்களில் குழி பறித்து முட்டையிடுகிறது. முட்டைகள் சரளைக்கு அடியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பொரித்து வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருப் பை தொங்கிக்கொண்டிருக்கும். இதற்கு ஆல்வின் என்று பெயர். கட்டுச்சோறு போன்ற அந்த மஞ்சட்கரு தீர்ந்ததும் குஞ்சு சரளையைவிட்டு மேலே வந்து முதன்முதலாக இரை தேடுகிறது. வளர வளர அதன் விலாப்பக்கங்களில் கருநிறப் பட்டைகள் தோன்றுகின்றன. யாரோ மை தொட்ட விரல்களை வரிசையாகப் பதித்துவிட்டாற்போல அவை இருக்கும். இந்தப் பருவத்து மீனுக்குப் பார் என்று பெயர்.

பார் பருவம் ஓராண்டிலும் முடியலாம். வடகோடி ஆறுகளில் ஏழெட்டு ஆண்டுகள் நீள்வதும் உண்டு. பிறகு ஒரு வசந்தத்தில் பட்டைகள் மறைந்து, உடல் வெள்ளிபோல் பளபளத்து, மீன் கடலை நோக்கிப் புறப்படுகிறது. இப்போது அதன் பெயர் ஸ்மோல்ட். கடலில் ஓராண்டோ சில ஆண்டுகளோ வளர்ந்து, பல கிலோ எடையுள்ள பெருமீனாகித் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிறது.

காவல்காரர் கண்ட உண்மை

பாரும் சால்மனும் ஒன்றே என்பது இன்று நமக்கு எளிதாகத் தெரிகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார் என்பது வேறோர் இனம் என்றே பலரும் எண்ணினர். சால்மோ சால்முலஸ் என்று அதற்குத் தனிப்பெயரும் இருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் ஜான் ஷா என்பவர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர் அல்லர். ஸ்காட்லாந்தில் நித் ஆற்றுப் பகுதியில் உள்ள டிரம்லான்ரிக் என்னும் பெருநிலக்காரரின் தோட்டத்தில் வேட்டைக்குரிய விலங்குகளையும் பறவைகளையும் காக்கும் காவல்காரர் அவர்.

1830-களில் ஷா பார் மீன்களைப் பிடித்துக் குளங்களில் விட்டு வளர்த்தார். அவை வெள்ளி நிற ஸ்மோல்ட்டுகளாக மாறின. அதோடு அவர் நின்றுவிடவில்லை. வளர்ந்த சால்மன்களின் முட்டையையும் விந்தையும் எடுத்துத் தாமே கருவுறச் செய்து, அந்தக் குஞ்சுகளை வளர்த்தார். அவையும் முதலில் பாராக இருந்து, இரண்டு ஆண்டுகளில் ஸ்மோல்ட்டாயின. ஐயத்திற்கு இடமில்லாத இந்தச் சோதனை 1840-இல் எடின்பரோ அரச கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அக்கழகத்தின் கீத் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. ஆற்றங்கரையில் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரு காவல்காரர், அறிஞர்கள் கட்டிய பெயரையே மாற்றிவிட்டார். படித்த குடும்பத்திலிருந்து வராத என் போன்றவர்களுக்கு இது மிகுந்த ஊக்கம் தரும் செய்தி.

உப்பும் உடலளவும்

ஒரு மீன் கடலுக்குப் போவதற்கும் அதன் உடலளவுக்கும் என்ன தொடர்பு? இங்கே இயற்பியலும் கணக்கும் நமக்கு உதவிக்கு வருகின்றன.

கடல்நீரில் ஆயிரம் கிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சால்மன் போன்ற எலும்பு மீனின் குருதியில் உள்ள உப்புச்செறிவு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆற்றுநீரிலோ உப்பு மிக மிகக் குறைவு. ஆகவே ஆற்றில் வாழும் மீனின் உடலுக்குள் சவ்வூடு பரவலால் நீர் புகுந்துகொண்டே இருக்கும். உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது நிறையச் சிறுநீர் கழித்து நீரை வெளியேற்ற வேண்டும். செவுளின் வழியே உப்பை இழுத்துக்கொள்ள வேண்டும். கடலில் இது தலைகீழ். அங்கே உடலிலிருந்து நீர் வெளியேறும். உப்பு உள்ளே நுழையும். மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுளின் வழியே வெளியே தள்ள வேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தாகத்தால் சாகக்கூடிய நிலை அது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ.; அதன் கன அளவு 1 கன செ.மீ. இரண்டு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 24 சதுர செ.மீ.; கன அளவு 8 கன செ.மீ. முதலாவதில் ஒரு கன செ.மீ. பொருளுக்கு 6 சதுர செ.மீ. மேற்பரப்பு, இரண்டாவதில் 3 மட்டுமே. அதுபோல 5 செ.மீ. மீன் தன் வடிவம் மாறாமல் 10 செ.மீ. ஆகுமானால், அதன் மேற்பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். உப்பும் நீரும் போய்வருவது மேற்பரப்பின் வழியாக. அவற்றைத் தாங்கி நிற்பது உடலின் மொத்த எடை. ஆகையால் சிறிய மீன் உப்பின் தாக்குதலுக்கு விரைவில் ஆட்படுகிறது. பெரிய மீன் சமாளிக்க நேரம் பெறுகிறது. இதோடு, கடலில் காத்திருக்கும் பகைமீன்களின் வாய்க்குள் சிறிய மீன் எளிதாக அடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அளவு மட்டும் போதாது. நன்கு வளர்ந்த பார் ஒன்றைப் பருவமல்லாத காலத்தில் கடல்நீரில் விட்டால் அது தள்ளாடிப் போகும். உடலின் உள்ளே ஒரு பெரிய மாற்றம் நடந்தாக வேண்டும். அளவு தகுதியைத் தருகிறது. பருவம் அழைப்பை விடுக்கிறது. இரண்டும் ஒன்றுகூடும்போதுதான் பார் ஸ்மோல்ட்டாகிறது.

உள்ளே நடக்கும் மாற்றம்

குளிர்காலம் போய்ப் பகற்பொழுது நீளத் தொடங்கும்போது தகுதிபெற்ற பார் மீனின் உடலில் ஹார்மோன்கள் விழித்துக்கொள்கின்றன. வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் செவுளில் உள்ள குளோரைடு செல்களைக் கடல் வாழ்வுக்கு ஏற்ப மாற்றுகின்றன. சோடியம், பொட்டாசியம் அயனிகளை இறைக்கும் நொதியின் செயல் அங்கே பெருகுகிறது. இதுவரை உப்பை உள்ளே இழுத்த செவுள் இனி உப்பை வெளியே தள்ளத் தயாராகிறது. தைராய்டு சுரப்பியும் இக்காலத்தில் சுறுசுறுப்படைகிறது, இதனை டபிள்யூ. எஸ். ஹோர் என்னும் கனடா அறிஞர் 1939-இலேயே ஆராய்ந்து எழுதினார்.

வெளியே பார்த்தால், குவானின் என்னும் பொருள் தோலிலும் செதிலிலும் படிவதால் உடல் வெள்ளியாகிறது. ஆற்றின் அடியில் கற்களின் நிறத்தோடு ஒன்றி மறைந்திருந்த மீனுக்கு, திறந்த கடலில் மறைந்துகொள்ள இந்த வெள்ளி நிறமே உதவுகிறது. உடல் ஒல்லியாகி நீள்கிறது. குணமும் மாறுகிறது. பார் பருவத்தில் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து நின்று, பக்கத்தில் வருபவற்றை விரட்டியடித்துக்கொண்டிருந்தது. ஸ்மோல்ட் ஆனதும் இந்த இடச்சண்டை தணிகிறது. கூட்டமாகச் சேர்ந்து நீரோட்டத்தோடு செல்கிறது.

இரண்டு மேடுகள்

எவ்வளவு பெரிதானால் போகலாம்? கனடாவில் பி. எப். எல்சன் என்பவர் 1957-இல் இதற்கு ஒரு விடை கூறினார். வளர்ச்சிக்காலம் முடியும் தறுவாயில் ஏறத்தாழ 10 செ.மீ. நீளத்தை எட்டிவிட்ட பார் அடுத்த வசந்தத்தில் ஸ்மோல்ட்டாகக்கூடும் என்பதே அவர் கண்ட பொதுவிதி. 

ஆனால் இன்னும் ஆழமான ஒன்றைக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜான் தார்ப். ஒரே பெற்றோரின் குஞ்சுகளை வளர்ப்புத் தொட்டிகளில் வளர்த்து, அவற்றின் நீளத்தை அளந்து 1977-இல் அவர் வெளியிட்டார். ஒரு வகுப்பு மாணவர்களின் உயரத்தை அளந்து வரைபடம் போட்டால் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி வடிவம் கிடைக்கும். தார்ப் அளந்த மீன்களிலோ முதலில் ஒரே மேடாக இருந்த வரைபடம், முதல் ஆண்டின் இலையுதிர்காலத்தில் இரண்டு மேடுகளாகப் பிளந்தது. மேல்மேட்டில் இருந்தவை ஓராண்டு வயதில் ஸ்மோல்ட்டாயின. கீழ்மேட்டில் இருந்தவை மேலும் ஓராண்டு தங்கின.

கீழ்மேட்டு மீன்களுக்கு உணவு கிடைக்கவில்லையா? இதைத்தான் நானும் முதலில் நினைத்தேன். பெரியவை தின்றுவிட்டதால் சிறியவை பட்டினி கிடந்து சிறுத்திருக்கும் என்று எண்ணினேன். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் வேறு கதையைச் சொல்கின்றன. கோடையின் பிற்பகுதியிலேயே கீழ்மேட்டு மீன்களின் பசி குறைந்துவிடுகிறது. கண்முன்னே உணவு இருந்தும் அவை குறைவாகவே உண்கின்றன. வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. மேல்மேட்டு மீன்களோ தொடர்ந்து உண்டு வளர்கின்றன.

அதாவது கோடையின் நடுவிலோ அதைச் சற்றுக் கடந்தோ ஒவ்வொரு மீனின் உடலும் ஒரு கணக்குப் பார்ப்பதாக அறிஞர்கள் கருதுகின்றனர். இப்போது இருக்கும் அளவு என்ன, வளரும் வேகம் என்ன, இதே போக்கில் போனால் அடுத்த வசந்தத்திற்குள் கடல் தாங்கும் உடல் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் குளிர்காலத்திலும் ஆபத்தைப் பாராமல் இரை தேட வேண்டும். கிடைக்காது என்றால் குளிர்காலத்தில் வெளியே திரிந்து வளர முயல்வதில் பயனில்லை. குளிர்ந்த நீரில் மீனின் ஓட்டம் மந்தமாகும். வெப்ப இரத்தம் கொண்ட பறவைகளும் நீர்நாய்களும் அதை எளிதில் பிடித்துவிடும். ஆகவே கற்களின் இடுக்கில் பதுங்கி, சேர்த்துவைத்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழித்து, உயிரைக் காத்துக்கொள்வதே மேல். மீன் உட்கார்ந்து யோசிக்கிறது என்பது இதன் பொருளன்று. பல்லாயிரம் தலைமுறை இயற்கைத் தேர்வு அதன் ஹார்மோன்களிலும் பசியிலும் இந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் உடலளவு முடிவைத் தீர்மானிக்கிறது. பிறகு அந்த முடிவு உடலளவைத் தீர்மானிக்கிறது. கோடையில் சிறிதாக இருந்த வேறுபாடு இலையுதிர்காலத்தில் பெரிய இடைவெளியாவது இதனால்தான்.

முந்தி வந்தவற்றுக்கு இடம்

கோடையில் இருந்த அந்தச் சிறிய வேறுபாடு எங்கிருந்து வந்தது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நீல் மெட்காப், பெலிசிட்டி ஹண்டிங்போர்டு ஆகியோர் தார்ப்புடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தனர். 1989-லும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள், குஞ்சுப் பருவத்தின் தொடக்க நாட்களிலேயே பாதை பெரிதும் பிரிந்துவிடுகிறது என்று காட்டின. உடன்பிறந்தவற்றைவிடச் சற்று முன்னதாக இரை தேடத் தொடங்கிய குஞ்சு, நல்ல இடத்தைப் பிடித்து மற்றவற்றின்மீது ஆதிக்கம் பெறுகிறது. ஆதிக்கம் பெற்ற குஞ்சு விரைவாக வளர்கிறது. விரைவாக வளர்ந்தது ஓராண்டில் கடலுக்குப் போகிறது.

பெரிதாக இருப்பதால்தான் ஒரு மீன் ஆதிக்கம் பெறுகிறது என்று நாம் நினைப்போம். அந்த இளம் பருவத்தில் உண்மை பெரும்பாலும் மறுதலையாக இருந்தது. ஆதிக்கம் முதலில் வந்தது. உடற்பெருக்கம் பின்னால் வந்தது. ஓய்வுநிலையில் வளர்சிதை மாற்ற வேகம் கூடுதலாக உள்ள குஞ்சுகளே ஆதிக்கம் பெறும் போக்குக் கொண்டவை என்பதும் பின்னர் தெரியவந்தது.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் சிறிது நேரம் நூலை மூடிவைத்துவிட்டேன். தொடக்கத்தில் சில நாள் முந்தல் ஓராண்டு வேறுபாடாகிறது. முட்டையாக இருந்தபோது எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள்தாம்.

தங்குவதன் வரவும் செலவும்

ஓராண்டு தங்கிய மீனுக்கு ஆதாயமே இல்லையா? உண்டு. இரண்டு ஆண்டு வயதில் புறப்படும் ஸ்மோல்ட் பொதுவாக ஓராண்டு வயதில் புறப்படுவதைவிடப் பெரிதாக இருக்கும். பெரிய ஸ்மோல்ட் கடலில் பிழைத்துத் திரும்பும் வாய்ப்பும் கூடுதல். தென் இங்கிலாந்தின் புரோம் ஆற்றில் ஸ்மோல்ட்டுகளின் உடலில் சிறு மின்னணு அடையாளங்களைப் பொருத்தி நடத்திய ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. நீளம் கூடக்கூட, திரும்பிவரும் விகிதமும் கூடுகிறது என்பது அதன் முடிவு.

ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதன்று. ஆற்றில் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு குளிர்காலம், ஒரு வெள்ளம், ஒரு வறட்சி, எண்ணற்ற பகைகள். அந்த ஆண்டில் பல மீன்கள் இறந்துபோகின்றன. கடலில் ஓராண்டு முன்னதாகப் போயிருந்தால் கிடைத்திருக்கும் வளர்ச்சியும் இழப்புக் கணக்கில் சேரும். எனவே போவதும் சரி, தங்குவதும் சரி, இரண்டிலும் வரவும் உண்டு, செலவும் உண்டு. தன் நிலைக்கு எது ஏற்றது என்பதே கேள்வி. ஒரு வழி மட்டுமே எப்போதும் சிறந்ததாக இருந்திருந்தால் இயற்கைத் தேர்வு மற்றொன்றை எப்போதோ ஒழித்திருக்கும்.

மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது. ஆண் பார்களில் சில கடலுக்குப் போகாமலேயே, கையகல நீளத்திலேயே பருவமடைந்துவிடுகின்றன. பெருமீன்கள் முட்டையிடும் இடத்தில் ஒதுங்கி நின்று, சமயம் பார்த்துப் பாய்ந்து, முட்டைகளில் ஒரு பகுதியைக் கருவுறச் செய்கின்றன. இத்தகைய சிறு ஆண்மீனின் விந்துக்குக் கருவுறச் செய்யும் ஆற்றல் உண்டு என்பதையும் காவல்காரர் ஷாவே காட்டியிருந்தார். பருவமடைவதில் ஆற்றலைச் செலவிட்ட பார் அடுத்த வசந்தத்தில் ஸ்மோல்ட்டாகும் வாய்ப்புக் குறைகிறது. ஒரே வருமானத்தில் இரண்டு செலவு செய்ய முடியாது என்பது நம் வீடுகளுக்கு மட்டும் உரிய விதியன்று.

ஆற்றுக்கு ஆறு வேறுபாடு

தேவையான அளவை எட்டுவதற்கு ஆகும் காலம் எல்லா ஆறுகளிலும் ஒன்றன்று. ஸ்பெயின், தென் பிரான்சு, தென் இங்கிலாந்து ஆகிய இடங்களில் கோடை நீளமானது, நீரும் வெப்பமானது. அங்கே பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் ஸ்மோல்ட் ஆகிவிடுகின்றன. வட நார்வேயிலும் கனடாவின் வடபகுதியிலும் வளர்ச்சிக்காலம் குறுகியது. அங்கே நான்கைந்து ஆண்டுகள் ஆவது இயல்பு. மெட்காப்பும் தார்ப்பும் 1990-இல் பல ஆறுகளின் விவரங்களைத் திரட்டி, வெப்பநிலையும் பகற்பொழுதின் நீளமும் சேர்ந்து தரும் வளர்ச்சி வாய்ப்பே இந்த வயது வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் என்று காட்டினர். ஆகையால் வட நார்வேயின் நான்கு வயதுப் பாரைத் தென் இங்கிலாந்தின் ஒரு வயது ஸ்மோல்ட்டோடு ஒப்பிட்டுச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அது பிறந்த ஆறு வேறு.

புறப்படும் நாள்

எந்த ஆண்டு போவது என்பதை உடலளவு தீர்மானித்தபின், அந்த ஆண்டில் எந்த நாள் போவது என்ற கேள்வி எழுகிறது. பகற்பொழுது மீனைத் தயார் செய்கிறது. நீரின் வெப்பநிலையும் வெள்ளப்பெருக்கும் புறப்பாட்டைத் தொடங்கிவைக்கின்றன. நார்வேயின் இம்சா ஆற்றில் நடந்த ஆராய்ச்சி 1985-இல் வெளிவந்தது. வசந்தத்தில் நீர் வெப்பமடையும் போக்கே அங்கே புறப்படும் காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அது கூறியது. இதிலும் உடலளவு தலைகாட்டுகிறது. வயதில் மூத்த, அளவில் பெரிய ஸ்மோல்ட்டுகள் பருவத்தின் தொடக்கத்திலும், இளையவை சற்றுப் பின்னரும் புறப்படும் போக்கு உண்டு.

புறப்பட்டபின் காலம் கடத்தக் கூடாது. கடல்நீரைத் தாங்கும் ஆற்றல் ஸ்மோல்ட்டுக்குச் சில வாரங்களே நிலைக்கிறது. அணையிலோ தேங்கிய நீரிலோ சிக்கி, நீர் வெப்பமாகி, நாள் கடந்துவிட்டால் அந்த ஆற்றல் படிப்படியாக மறைகிறது. மீன் மீண்டும் நன்னீர் வாழ்வுக்கே திரும்பத் தொடங்குகிறது. ஓராண்டு காத்திருந்து பெற்ற தகுதி ஒரு தடுப்புச் சுவரால் வீணாகிறது.

இன்றைய நிலை

இவையெல்லாம் ஏட்டுப் படிப்பு மட்டும் அல்ல. வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உள்ள 67 ஆறுகளின் பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2014-இல் வெளிவந்தது. 1961 முதல் 2010 வரையிலான காலத்தில் ஸ்மோல்ட்டுகளின் புறப்பாடு பத்தாண்டுக்குச் சராசரியாக 2.5 நாள் முன்னதாகிவிட்டது என்று அது காட்டியது. ஆறு வெப்பமாவதால் மீன் முன்னதாகப் புறப்படுகிறது. ஆனால் அது சென்று சேரும் கடலில் அதற்கான இரை அதே அளவு முன்னதாகத் தயாராக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வெப்பத்தால் வளர்ச்சி விரைந்து, இளவயதிலேயே, ஆனால் சிறிய உடலோடு மீன்கள் புறப்படும் நிலையும் சில ஆறுகளில் காணப்படுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில் அட்லாண்டிக் சால்மனை அச்சுறுத்தலை நெருங்கும் இனங்களின் வரிசையில் சேர்த்தது. 2006-க்கும் 2020-க்கும் இடையில் அதன் எண்ணிக்கை 23 விழுக்காடு குறைந்துவிட்டது என்பது அதற்குக் காட்டிய காரணம்.

வளர்ப்பு நிலையங்களில் செயற்கை ஒளியாலும் வெப்பத்தாலும் ஓராண்டுக்குள்ளேயே ஸ்மோல்ட்டுகளை உண்டாக்கிவிட முடிகிறது. ஆனால் தொட்டியில் கொழுக்க வளர்த்து ஆற்றில் விட்ட மீன், அளவில் பெரிதாக இருந்தும், இயற்கையாக வளர்ந்ததைவிடக் குறைவாகவே திரும்பி வருகிறது. உடலளவோடு, ஆறு கற்றுக்கொடுக்கும் பாடமும் வேண்டியிருக்கிறது.

முடிவுரை

இக்கட்டுரையின் முதல் வரைவைப் பேராசிரியரிடம் காட்டியபோது, "மீனை மனிதனாக்கிவிடாதே, அறிவியல் கெட்டுவிடும்" என்று எச்சரித்தார். அவர் சொன்னது சரி. மீனின் பசி அதன் விருப்பம் அன்று. நான் சூளைக்குப் போனது என் ஹார்மோன்களால் அன்று, வீட்டுக் கடனால். தங்கிய மீனைக் காட்டி என் ஓராண்டை நியாயப்படுத்த நான் வரவில்லை. அந்த ஆண்டுக்கு நான் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். கரும்பலகையில் இருந்த சின்ன மேட்டைப் பார்த்து, "இவை தோற்றவை" என்று அன்று வகுப்பில் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதம் படித்தபின் அது தவறு என்று தெரிந்தது. ஒரு வரைபடத்தில் பின்னால் நிற்கும் புள்ளியைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லாமல், அது எந்த ஆற்றில் பிறந்தது, எப்போது இரை தேடத் தொடங்கியது, எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்பதுதான் விலங்கியல் எனக்குக் கற்றுத்தந்த பாடம்.

எங்கள் ஊர் ஏரியை ஏலம் எடுத்தவர் ஆண்டுதோறும் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விடுகிறார். ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் சில விறுவிறுவென்று வளர்வதையும் சில சிறுத்தே நிற்பதையும் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். அவை வலசை போகும் மீன்கள் அல்ல. அவற்றின் வரைபடத்தில் இரண்டு மேடு வருமா, ஒரே மேடுதானா என்பது அளந்தால்தான் தெரியும். வரும் விடுமுறையில் ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொண்டு அளக்கப் போகிறேன். ஏரிக்காரரிடம் அனுமதி கேட்டாயிற்று. உடன்வர விரும்பும் நண்பர்கள், அன்று பின்வரிசையில் சிரித்தவர்கள் உட்பட, வரலாம். கிடைக்கும் முடிவு எதுவாயினும் அடுத்த ஆண்டு மலரில் எழுதுவேன்.